ஏற்காட்டு மலைப்பாதையில் கிடைத்த வெள்ளைக் கல் வெங்கச்சாங்கல்லா (குவார்ட்ஸ்) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். அந்தப் பக்கம் வெங்கச்சாங்கல், பெல்ஸ்பார், மேக்னசைட் என்ற கனிமங்கள் எல்லாமே வெள்ளையாகக் கிடைக்கும். வெயிலும் மழையும் பட்ட மேற்தோலும் ஏமாற்றும், புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்.

அப்புறம் கடினத்தன்மை. பழைய கண்ணாடித் துண்டில் கல்லின் முனையை அழுத்திக் கீறுங்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கண்ணாடி சுமார் 5.5, வெங்கச்சாங்கல் 7. கீறல் ஆழமாக விழும். ஆனால் பெல்ஸ்பாரும் (6) கீறும் என்பதால் இதோடு நிறுத்த முடியாது. வெங்கச்சாங்கல் ஒழுங்கில்லாமல், சில இடங்களில் சிப்பி போல வளைந்து உடையும். பெல்ஸ்பார் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இரண்டு தட்டையான முகங்களாகப் பிளக்கும், வெயிலில் திருப்பினால் அந்த முகம் பளிச்சென்று மின்னும். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது.

கண்ணாடியில் கீறலே விழவில்லை, கல்லும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கலாக இருக்கிறது என்றால் அது மேக்னசைட்டாக இருக்கலாம். சேலத்தில் வெட்டியெடுக்கும் 'வெள்ளைக்கல்' அதுதான். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட்டும் மென்மைதான், ஆனால் அதன்மேல் வினிகர் விட்டால் நுரைக்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

கருப்பாக, கனமாக, காந்தத்தில் ஒட்டுகிற கல் கிடைத்தால் அது மேக்னடைட் என்ற இரும்புத்தாது. பக்கத்துக் கஞ்சமலை அதற்குப் பேர்போனது.

ஒன்று மட்டும்: காப்புக் காட்டுக்குள் கல்லை உடைத்து எடுத்து வராதீர்கள், சட்டச் சிக்கல் வரும். படம் எடுத்தால் போதும்.