மண்டலம்: வட்டமா, வீடா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'மண்டலா' என்று போட்ட வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை என் மகள் வாங்கி வந்தாள். திபெத்தியத் துறவிகள் நாள்கணக்கில் மணலில் மண்டலம் வரைந்து, முடித்த கையோடு கலைத்துவிடும் காணொளியையும் சேர்ந்து பார்த்தோம். நிலையாமையைக் காட்டத்தான் அது என்கிறார்கள். அவ்வளவுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நிலையாமை கடைசி நாளுக்கு உரியது. அதுவரை அவர்கள் வரைவது ஓர் அரண்மனையின் தரைப்படம். நடுச்சதுரத்துக்கு நான்கு வாசல்கள். வாசல் தோரணங்களை மட்டும், அட்டைப்பெட்டியின் பக்கங்களைப் பிரித்துக் கீழே சாய்த்ததுபோல், வெளிப்புறமாகப் படுக்கவைத்து வரைவார்கள். இது பிடிபட்டுவிட்டால் படம் கண்முன் எழுந்து நிற்கும்.

வெளியிலிருந்து வாருங்கள்: தீ வளையம், வஜ்ரம் என்ற இடியாயுதச் சின்னங்களின் வளையம், தாமரை இதழ்கள், பிறகு மதில். உள்ளே தரையை மூலைவிட்டங்கள் நான்காகப் பிரிக்கும். திசைக்கு ஒரு நிறம், ஒரு புத்தர். பரவலான வரிசையில் நடுவில் வெண்ணிற வைரோசனர், கிழக்கே நீல அக்ஷோப்யர், தெற்கே மஞ்சள் ரத்னசம்பவர், மேற்கே சிவந்த அமிதாபர், வடக்கே பச்சை அமோகசித்தி. அக்ஷோப்யர் நடுவுக்கு வரும் மண்டலங்களில் நிறங்களும் இடம் மாறும். பலர் தடுமாறுவது திசையில்தான். திபெத்திய மண்டலத்தில் கிழக்கு கீழே, பார்ப்பவர் பக்கம் இருக்கும், தெற்கு இடப்பக்கம். பள்ளிக்கூட நிலப்படம்போல் வடக்கை மேலே வைத்துப் படித்தால் எந்தப் புத்தரும் தன் இடத்தில் இருக்கமாட்டார்.

தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்கிறோமே, அதே சொல்தான். வட்டம் என்றும் பொருள், ஆட்சிப்பரப்பு என்றும் பொருள். நடுவில் பேரரசன், சுற்றிலும் அவனுக்கு அடங்கிய சிற்றரசர்கள் என்ற அரசியல் அமைப்பையே, மந்திரமும் தீட்சையும் வழியாகக் கொண்ட தாந்திரிக பௌத்தம் எடுத்துக்கொண்டது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. மண்டலத்துக்குள் நுழையும் தீட்சைக்குப் பெயரே அபிஷேகம், முடிசூட்டுக்கு உள்ள பெயர். சீடரின் கண்ணைக் கட்டி மண்டலத்தின் மேல் மலர் எறியச் சொல்வார்கள். மலர் எந்தத் தெய்வத்தின் மேல் விழுகிறதோ அதுவே சீடருக்குரிய தெய்வம். 805இல் சீனத்தின் சாங்கான் நகரில் ஜப்பானியத் துறவி குகாய் அப்படித்தான் தீட்சை பெற்றார். அவருடைய குருவின் குருவுக்குக் குரு வஜ்ரபோதி. சீனக் குறிப்புகள் அவரைக் காஞ்சியோடு இணைத்துப் பேசுகின்றன.

இனி மணல். முதலில் தச்சர் நூலடிப்பதுபோல், சுண்ணப்பொடி பூசிய நூலை இழுத்துத் தெறித்து, நடுக்கோடுகளையும் மூலைவிட்டங்களையும் போடுவார்கள். இவை செங்குத்தாக வெட்டாவிட்டால், மையத்தில் தெரியாத பிசகு வாசல்களில் பெரிதாகித் தெரியும். மணல் போடும் கருவி சக்புர்: நீண்ட கூம்பு வடிவ உலோகக் குழாய், மேலே அரம்போல் வரிகள். இன்னொரு குழாயால் அந்த வரிகளைத் தேய்த்தால் அதிர்வில் மணல் இறங்கும். மெல்லத் தேய்த்தால் இழையாக விழும். அழுத்தித் தேய்த்தால் குவிந்து, பக்கத்து நிறத்தில் கலந்துவிடும். நடுவில் தொடங்கி வெளியே போவதால், முடித்த பகுதியில் கை படாது. காலசக்கரம் என்ற தெய்வத்தின் மண்டலத்தில் மட்டும் 722 தெய்வங்கள். கலைக்கும்போதும் எடுத்தவுடன் துடைப்பம் வராது. தெய்வங்களை விடைகொடுத்து அனுப்பி, வஜ்ரத்தால் கோடுகளை அறுத்த பிறகே மணலைக் கூட்டி ஓடும் நீரில் விடுவார்கள்.

தரைப்படத்தைக் கட்டடமாகவே பார்க்க ஆசையென்றால் இமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போங்கள். 996இல் எழுந்த தாபோ மடத்தின் பெரிய கோயிலில், சுவர்களைச் சுற்றி, தலைக்கு மேலே 32 சுதைத் தெய்வங்கள். நடுவில் நான்கு திசையும் நோக்கி வைரோசனர். நீங்கள் நிற்பது அவர்களுக்கு இடையிலுள்ள தரையில்.