ஐஸ்லாந்தில் மிகவும் வெற்றிகரமான ஐஸ் ஹாக்கி கிளப் எது, அதன் வரலாறு என்ன?

சந்தேகமே இல்லாமல் ஸ்காடாஃபியேலாக் அக்குரேய்ரார், சுருக்கமாக எஸ்.ஏ. பெயருக்கு 'அக்குரேய்ரி சறுக்குச் சங்கம்' என்று பொருள். தலைநகர் ரெய்க்யவிக்கில் அல்ல, வடக்கே ஒரு நீண்ட கடற்கழியின் முனையில், சுமார் இருபதாயிரம் பேர் வாழும் அக்குரேய்ரி என்ற ஊரில் 1937-ல் தொடங்கியது.

அந்தக் காலத்தில் செயற்கைப் பனித்தளம் கிடையாது. இயற்கையாக உறைந்தால்தான் ஆட்டம். பனிநாடுதானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். ஆனால் ஐஸ்லாந்தின் குளிர்காலம் நிலையில்லாதது. இன்று உறையும், நாளை மழையில் உருகும். அதனால்தான் 1980-களின் கடைசியில் இங்கே திறந்தவெளியில் குளிரூட்டப்பட்ட தளம் வந்ததை நான் பெரிய திருப்பமாகப் பார்க்கிறேன். கூரையுள்ள அரங்கம் 2000-ல் வந்தது.

தேசிய லீக் 1991-92-ல் தொடங்கியது. முதல் ஏழு பட்டங்களும் எஸ்.ஏ.வுக்கே! அப்புறம் ரெய்க்யவிக் அணி அந்த ஓட்டத்தை நிறுத்தியது. ஆனாலும் மொத்தப் பட்டங்களில் எஸ்.ஏ.தான் முன்னிலை. ஆண்கள் அணியின் பெயர் விகிங்கார், அதாவது வைக்கிங்குகள். 2018-ல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான கான்டினென்டல் கோப்பையின் முதல் சுற்றில் வென்று அடுத்த சுற்றுக்கும் போனார்கள். அவ்வளவு சின்ன ஊருக்கு அது உண்மையிலேயே பெரிய சாதனை.