திட்டப்பணிகள் பல, செயலி ஒன்று: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுடையது கட்டட வடிவமைப்பு ஆலோசனை நிறுவனம். பதினெட்டுப் பேர் வேலை செய்கிறோம். எப்போதும் பத்துப் பன்னிரண்டு பணிகள் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும். உரையாடலுக்கும் கோப்புப் பகிர்வுக்குமான மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு ஆளாளுக்கு ஒரு சேனலை (டீம் எனும் குழுவுக்குள் ஒரு தனிப் பிரிவை) திறந்துவிட்டார்கள். எந்த வரைபடம் இறுதியானது என்று கண்டுபிடிப்பதற்குள் அரைநாள் போய்விடுகிறது. ஒவ்வொரு பணிக்கும் தனி டீம் அமைக்க வேண்டுமா, ஒரே டீமுக்குள் பணிக்கொரு சேனல் போதுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பணியின் அளவை வைத்து இதைத் தீர்மானிக்க வேண்டாம், அந்தப் பணியை யார் யார் பார்க்கலாம் என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். டீம்ஸில் ஒருவரை ஒரு டீமில் சேர்த்துவிட்டால், அதிலுள்ள சாதாரண சேனல்கள் அனைத்தும், அவற்றின் உரையாடல்களும் கோப்புகளும் உட்பட, அவர் கண்ணுக்குத் தெரியும். வெளியாரை விருந்தினராகச் சேர்த்தாலும் இதே நிலைதான். எல்லாப் பணிகளையும் ஒரே டீமில் வைத்துக்கொண்டு, ஒரு பணியின் ஒப்பந்தக்காரரை விருந்தினராகச் சேர்த்தீர்களானால், அடுத்த வாடிக்கையாளரின் மதிப்பீட்டுத் தொகையையும் அவர் படிக்கலாம். ஆகவே வெளியார் உள்ளே வந்துபோகும் பணிகளுக்குத் தனித்தனி டீம் அமையுங்கள். உங்கள் அலுவலகத்தார் மட்டுமே செய்து முடிக்கும் சிறு பணிகளுக்குப் பொதுவான ஒரு டீமும் பணிக்கொரு சேனலும் போதும்.

இதற்குத்தான் டீமில் சிலருக்கு மட்டும் தெரியும் தனிச்சேனல் என்ற வசதி இருக்கிறதே என்று உங்கள் கணினிப் பொறுப்பாளர் சொல்லக்கூடும். பங்குதாரர்கள் தங்களுக்குள் கட்டண விவரம் பேசுவதற்கு அது ஏற்றதுதான். ஆனால் ஒவ்வொரு தனிச்சேனலுக்கும் ஷேர்பாயிண்ட் எனும் மைக்ரோசாஃப்டின் கோப்புச் சேமிப்புச் சேவையில் ஒரு தனித் தளம் உருவாகிறது என்பதால், அதைக் கண்ட இடத்திலெல்லாம் பயன்படுத்தினால் கோப்புகள் இப்போதைக் காட்டிலும் அதிகமாகச் சிதறும். மேலும், சாதாரணமாகத் தொடங்கிய சேனலைப் பின்னாளில் தனிச்சேனலாக மாற்றவோ, ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்கு நகர்த்தவோ வழியில்லை. யோசிக்க வேண்டியதையெல்லாம் சேனலைத் தொடங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

வரைபடக் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. சேனலில் ஏற்றப்படும் கோப்பு, அந்த டீமுக்கான ஷேர்பாயிண்ட் தளத்தில், அந்தச் சேனலின் பெயரிலுள்ள கோப்புறைக்குப் போய்ச் சேருகிறது. அது நிறுவனத்தின் இடம். இருவருக்கிடையிலான சாட்டில் அனுப்பப்படும் கோப்போ, அனுப்பியவருடைய சொந்தச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் தங்கிவிடுகிறது. அவர் வேலையை விட்டுப் போய், அவருடைய கணக்கும் நீக்கப்பட்டால், இயல்பான அமைப்பில் அந்த ஒன்டிரைவ் 30 நாள்களுக்கு மட்டுமே காக்கப்பட்டுப் பிறகு நீக்கப்படும் வரிசைக்குப் போய்விடும். அவர் எப்போதோ சாட்டில் அனுப்பிய தூண் விவர வரைபடத்தை யாராவது தேடும்போதுதான் இது தெரியவரும். எனவே சாட்டில் பேச்சு மட்டும் நடக்கட்டும். கோப்பு சேனலில் இருக்க, அதன் இணைப்பை மட்டும் சாட்டில் பகிருங்கள். வேறு எந்த விதியையும் கடைப்பிடிக்க முடியாவிட்டாலும் இந்த ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் சொல்வேன்.

ஷேர்பாயிண்ட் ஒவ்வொரு கோப்பின் முந்தைய பதிப்புகளையும் தானே சேமித்து வைக்கிறது. ஆதலால் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று பெயர் வைத்துக்கொண்டே போகும் நம் அலுவலகங்களின் இலக்கிய முயற்சிக்கு இங்கே தேவையில்லை. வரைபடக் கோப்புகளில் ஒரு சிக்கல் உண்டு: வேர்டு, எக்செல் கோப்புகளைப் போல ஆட்டோகேட் கோப்பில் இருவர் ஒரே நேரத்தில் சேர்ந்து திருத்த முடியாது. திருத்தப் போகிறவர் ‘செக் அவுட்’ செய்துகொண்டால், அவர் முடித்துத் திருப்பி வைக்கும்வரை அதை வேறு எவரும் மாற்ற இயலாது. இதோடு ‘வெளியிட்டவை’ என்று ஒரு கோப்புறையை வைத்து, கட்டுமானத் தளத்துக்கு அனுப்பப்பட்ட வரைபடங்களின் பிடிஎஃப் வடிவத்தை மட்டும் ரிவிஷன் எண்ணும் தேதியும் இட்டு அதில் சேருங்கள். கொத்தனாரும் மேற்பார்வையாளரும் அந்தக் கோப்புறையை மட்டும் பார்த்தால் போதும்.

சேனல்கள் பெருகாமல் தடுக்க, டீமின் அமைப்புகளில் உறுப்பினர்கள் சேனல் உருவாக்கும் உரிமையை எடுத்துவிட்டு உரிமையாளர்களிடம் மட்டும் விடலாம். உரிமையாளர் குறைந்தது இருவர் இருக்கட்டும். ஒருவர் விடுப்பில் போனால் வேலை நிற்கக் கூடாது. ஒரு பணிக்கு வடிவமைப்பு, கட்டமைப்புக் கணக்கீடு, கட்டட அனுமதி, தளப்பணி என நான்கு சேனல்களுக்கு மேல் தேவைப்படுவது அரிது. டீம்களின் பெயரை வாடிக்கையாளர் பெயரில் தொடங்காமல் பணி எண்ணில் தொடங்குங்கள். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டாவது கட்டடம் வரும்போது இதன் அருமை புரியும்.

யார் எதைச் செய்ய வேண்டும் என்பதை உரையாடலுக்குள் விட்டுவைக்காமல், டீம்ஸுக்குள்ளேயே திறக்கும் வேலைப்பட்டியல் செயலியான பிளானரில் பதியுங்கள். ஒவ்வொரு டீமிலும் ஒரு திட்டத்தை அதில் உருவாக்கினாலும், தனக்கு ஒதுக்கப்பட்டவை அனைத்தையும் ஒவ்வொருவரும் ஒரே பட்டியலில் பார்க்க முடியும். பல பணிகளை ஏக காலத்தில் சுமப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள திரை அந்தச் செயலியில் இல்லை. ஒரு வேலைக்குப் பலரை ஒதுக்கவும் பிளானர் இடம் தருகிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாதீர்கள். மூவர் பெயர் இருந்தால் மற்ற இருவர் செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள்.

பணி முடிந்ததும் டீமை நீக்காமல் காப்பகத்தில் இடுங்கள். அப்போது அதைப் படிக்க மட்டும் முடியும். தேவையானால் மீண்டும் உயிர்ப்பிக்கலாம். நீக்கிய டீமை மீட்க 30 நாள்கள்தான் உண்டு, கட்டட வழக்குகளோ பல ஆண்டுகளுக்குப் பிறகும் வரும்.

கேள்வி: விளம்பர வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாகப் போர்டில் (பலகையில்) வைத்துக் காட்டும் டிரெல்லோ செயலியின் இலவசத் திட்டத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு போர்டு என ஒன்பது போர்டுகள் இருக்கின்றன. வடிவமைப்பாளர்கள் காலையில் ஒன்பதையும் திறந்து பார்த்த பிறகுதான் வேலையையே தொடங்குகிறார்கள். இதை எப்படிச் சீர்செய்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் வாடிக்கையாளர்கள் வேறானாலும் வேலை நடக்கும் வழி ஒன்றுதான்: விளம்பர வாசகம், வடிவமைப்பு, வாடிக்கையாளர் ஒப்புதல், அச்சு. ஆகவே ஒரே போர்டில் இந்தக் கட்டங்களை லிஸ்டுகளாக (கார்டுகளை அடுக்கும் நெடுவரிசைகளாக) வைத்து, வாடிக்கையாளரை வண்ண லேபிளாகக் குறியுங்கள். ஒவ்வொருவரும் தம் பெயரைக் கொண்டு வடிகட்டித் தம் கார்டுகளை மட்டும் பார்க்கலாம். நீங்கள் லேபிளைக் கொண்டு வடிகட்டி ஒரு வாடிக்கையாளரின் வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இலவசத் திட்டத்தில் ஒரு பணியிடத்துக்குப் பத்துப் போர்டுகள்தான் என்பதால், இப்போதுள்ள முறையில் நீங்கள் நெடுநாள் போகவும் முடியாது. வாடிக்கையாளரே உள்ளே வந்து பார்க்கும் போர்டு மட்டும் தனியாக இருக்கட்டும்; காரணம் கோவை வாசகருக்குச் சொன்னதேதான்.

கார்டுகளை இடமிருந்து வலமாக நகர்த்தும் இந்த முறைக்கு மூலம், ஜப்பானின் டொயோட்டா ஆலையில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் அட்டைகள். அதன் உயிர் அட்டையை நகர்த்துவதில் இல்லை, நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு உச்சவரம்பு இடுவதில் இருக்கிறது. ‘வடிவமைப்பு (6)’ என்று லிஸ்டின் பெயரிலேயே எண்ணை எழுதி, ஆறு கார்டுகள் இருக்கும்போது ஏழாவதை ஏற்க மறுத்துப் பாருங்கள். முதல் வாரம் வாடிக்கையாளர் தொடர்பு அலுவலர்கள் உங்களோடு சண்டைக்கு வருவார்கள். ஆனால் வேலை உண்மையில் தேங்குமிடம் வடிவமைப்பாளர்களின் மேசையா, ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் லிஸ்டா என்பது அப்போதுதான் வெளிப்படும். பின்னதாக இருக்குமென்றே நான் ஊகிக்கிறேன்.

கேள்வி: அலுவலக உரையாடலுக்கென ஸ்லாக் செயலியை வைத்திருந்தும் களப்பணியாளர்கள் வாட்ஸ்அப்பை விட்டு வர மறுக்கிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். வெயிலில் நிற்பவருக்கு இன்னொரு செயலியும் கடவுச்சொல்லும் சுமைதான். பணிக்கொரு வாட்ஸ்அப் குழுவை அனுமதித்து, அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். குழுவில் எடுக்கப்படும் முடிவையும் தொகை, தேதி, அளவு மாற்றங்களையும் அன்றன்றே ஸ்லாக்கில் அந்தப் பணிக்குரிய சேனலில் இரண்டு வரிகளில் பதிவது அவர் கடமை. சான்றாகத் தேவைப்படும் படங்களை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், விரிசலின் நுணுக்கம் தெரியாது.

நீங்கள் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. கடைசி 90 நாள்களின் செய்திகளை மட்டுமே அதில் பார்க்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்டவை 2024 ஆகஸ்ட் முதல் நிரந்தரமாக நீக்கப்பட்டு வருகின்றன. எனவே மாதந்தோறும் முடிவுகளை ஓர் ஆவணத்தில் தொகுத்து, பணியின் மற்றக் கோப்புகள் இருக்கும் இடத்திலேயே சேமித்து வையுங்கள்.