உங்கள் ஆறு உங்களுக்குத் தெரியும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கஜா புயல் வந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து நிலவரம் வெளியே தெரியப் பல நாட்கள் ஆயின. அந்த ஆதங்கத்தில்தான் இந்தத் துறைக்கு வந்தேன். இப்போது அலுவலகத்தில், “சமூக ஊடகத்தில் உங்களை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள்?” என்று கேட்கிறார்கள். ஃபேஸ்புக்கிலும் எக்ஸ் தளத்திலும் தினமும் செய்தியின் இணைப்பைப் போடுகிறேன், யாரும் பார்ப்பதில்லை. சென்ற மழையின்போது ‘முள்ளியாற்றில் உடைப்பு’ என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பகிர்ந்தேன். அது 2018 கேரள வெள்ளத்தில் எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. நீக்கிவிட்டேன். ஆனாலும் கேலியும் வசவும் ஓயவில்லை. இதையெல்லாம் விட்டுவிடலாமா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: விட வேண்டாம், தங்கையே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்தப் புயல் கரையைக் கடந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் இருட்டில் கிடந்த ஊர்களிலிருந்து இளைஞர்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துப் பதறியவர்களில் நானும் ஒருத்தி. வேரோடு சாய்ந்த தென்னந்தோப்புகளை அந்தப் படங்கள்தாம் எனக்குக் காட்டின. உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்த ஆதங்கத்துக்கு மருந்து இந்தக் கருவியிலும் இருக்கிறது. அதை நீங்கள் எந்தப் பக்கம் பிடித்திருக்கிறீர்கள் என்பதுதான் சிக்கல்.

அந்த வீடியோவை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மேசை முன் இருப்பவருக்கு எல்லா வெள்ளமும் ஒன்றுதான். செந்நிறத் தண்ணீர், மிதக்கும் பொருள்கள், அலறல். நீங்களோ முள்ளியாற்றைப் பார்த்து வளர்ந்தவர். கரையின் உயரம், மதகு இருக்கும் இடம், கரையில் நிற்கும் மரம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். பகிர்வதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருந்தால், வீட்டுக் கூரையின் சாய்வோ, கடைப் பலகையின் எழுத்தோ, பின்னணியில் பேசுகிறவரின் மொழியோ உங்களுக்குச் சந்தேகம் கொடுத்திருக்கும். வண்டி எண் தெரிந்தால் அது இன்னும் எளிது. திருவாரூர் மாவட்ட வண்டிகளுக்கு டி.என். 50. வெளியூர் வண்டியும் வரலாம் என்றாலும், தெரிகிற எல்லா எண்களும் கே.எல். என்று தொடங்கினால் அது உங்கள் ஊர் அல்ல. வீடியோவில் ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், முன்பு இணையத்தில் வந்ததா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் அது புதியது என்று பொருளல்ல. அப்போது அனுப்பியவரைக் கேளுங்கள்: “நீங்களே எடுத்ததா? எங்கே நின்று எடுத்தீர்கள்? இதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அனுப்ப முடியுமா?” உண்மையில் எடுத்தவரிடம் அடுத்த படம் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் பதிவாகியிருக்கும் நேரமும் இடமும் அழிந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அவை தங்கும். கைப்பேசியில் நேரம் தவறாக இருக்கலாம் என்பதால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். இத்தனைக்கும் மேலாக, முள்ளியாறு உங்களுக்கு வண்டியில் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஓடுகிறது. எந்தத் தலைநகர நிருபருக்கும் இல்லாத வசதி அது.

பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பற்றி ஆசிரியர் கேட்பது அவருடைய கவலை. அதை உங்கள் கவலையாக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் தாலுகாவின் விவசாயி எக்ஸ் தளத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். என் அனுபவத்தில் அவர் விவசாயிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பார், ஊர்ப் பெயரில் இயங்கும் ஃபேஸ்புக் குழுவில் இருப்பார், மாலையில் யூடியூப் பார்ப்பார். அங்கே போங்கள். போகும்போது நிருபர் என்று சொல்லிவிட்டே சேருங்கள். ஒளிந்திருந்து கேட்டதைச் செய்தியாக்கினால் அந்தக் கதவு ஒரே நாளில் மூடிவிடும். முதல் ஒரு மாதம் எதையும் போடாமல் படித்துக்கொண்டே இருந்தாலும் குற்றமில்லை. அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றி அந்தக் குழுவில் வராத புகாரா? சாக்கு இல்லை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பினார்கள், குவியல் மழையில் நனைந்தது... ஒவ்வொன்றும் ஒரு செய்திக்கு நூல் நுனி. எழுதியவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள், நேரில் போங்கள், நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலக விளக்கத்தையும் கேளுங்கள். பிறகு எழுதுங்கள். எழுதியதை முதலில் அந்தக் குழுவுக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நீங்கள் இணைப்பை மட்டும் போடுவதால்தான் யாரும் நிற்பதில்லை என்று நினைக்கிறேன். ‘நெல் மூட்டைகள் தேக்கம்: விவசாயிகள் வேதனை’ என்ற தலைப்பை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து பார்த்துவருகிறேன். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: “இன்று காலை 9 மணிக்கு இந்த நிலையத்தில் எண்ணினேன். வெளியே 14 குவியல்கள். 5 குவியல்களுக்குத் தார்ப்பாய் இல்லை. முதலில் வந்தவர் எட்டு நாட்களாகக் காத்திருக்கிறார்.” ஊர்ப் பெயரைச் சரியாகப் போடுங்கள். ‘திருத்துறைப்பூண்டி அருகே’ என்பது திருத்துறைப்பூண்டிக்காரருக்கு எதையும் சொல்வதில்லை. எதை உங்கள் பக்கத்தில் முதலில் போடலாம், எது நாளிதழுக்குப் பிறகு என்பதை மட்டும் ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற தாலுகா நிருபர்கள் இதில் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், பள்ளி, வீடு, அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. முகத்தை மறைத்துவிட்டுச் சீருடையைக் காட்டினாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். நூறு பேர் உள்ள குழுவில் அனுப்புவதையும் வெளியிடுவதாகவே கருதுங்கள்.

வசவுக்கு வருகிறேன். பிழையைச் சுட்டுகிறவருக்குப் பதில் சொல்லுங்கள். பெண் என்பதால் அருவருப்பாக எழுதுகிறவருக்கு ஒரு சொல்லும் செலவழிக்காதீர்கள். பதிவின் இணைப்பு, நாள், நேரம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்துவிட்டு அவரை ‘பிளாக்’ செய்யுங்கள். மிரட்டல் என்றால் அந்தப் படங்களோடு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அலுவலகத்துக்காக நீங்கள் வேலை செய்யும்போது வந்த மிரட்டல் அது. உங்கள் வீட்டுப் பிரச்சினை என்று அவர்கள் ஒதுங்கக் கூடாது.

கடைசியாக, நீக்கிய அந்தப் பதிவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நானும் தவறு செய்தேன். மாடியில் சிக்கிய ஒரு குடும்பத்துக்குப் படகு வேண்டும் என்று முகவரியோடு பகிர்ந்தேன். நாளும் நேரமும் போடவில்லை. அவர்கள் மாலைக்குள் மீட்கப்பட்டுவிட்டார்கள். என் பதிவோ மறுநாளும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு இளைஞர்கள் கழுத்தளவு தண்ணீரில் அந்த வீட்டைத் தேடிப் போனார்கள். நான் சத்தமில்லாமல் நீக்கியதால், நகலெடுத்து அனுப்பியவர் எவருக்கும் செய்தி போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து நேரம் போடாமல் எதையும் பகிர்வதில்லை. திருத்தம் எழுதாமல் எதையும் நீக்குவதில்லை.

ஆகவே நாளைக் காலை ஆற்றங்கரைக்குப் போய், நீங்களே ஒரு படம் எடுங்கள். அதோடு இதைப் போடுங்கள்: “சென்ற மழையில் முள்ளியாறு உடைந்ததாக நான் பகிர்ந்த வீடியோ தவறு. அது 2018-இல் கேரளத்தில் எடுத்தது. சரிபார்க்காமல் பகிர்ந்தேன், வருந்துகிறேன். அதை அனுப்பி வைத்தவர்கள் இதையும் அதே குழுக்களுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். படத்தில் இருப்பது இன்று காலை 7 மணிக்கு நம் ஆறு.”