வீரராயன் பணத்துக்கு எந்தக் கேமரா?

கேள்வி: எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. தாத்தா விட்டுப்போன தகரப் பெட்டியில் வீரராயன் பணம் என்னும் பழைய பொடிப் பொன் காசு நான்கு, திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் ஒரு பிடி, திப்புவின் யானைக் காசுகள், விக்டோரியா ரூபாய் சில இருக்கின்றன. ஒவ்வொன்றையும் படமெடுத்து வைக்க விரும்புகிறேன். கைபேசியைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் நிழல் காசின் மேல் விழுகிறது. தள்ளிப் பிடித்தால் எழுத்து தெரிவதில்லை. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. எந்த டிஜிட்டல் கேமரா வாங்கலாம்?

பதில்: கேமரா கிடக்கட்டும், முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் பெட்டியிலேயே மிகச் சிறிய காசை அளந்து பாருங்கள். விக்டோரியா ரூபாயின் குறுக்களவு 30 மி.மீ.க்குச் சற்றே அதிகம். வீரராயன் பணம் 7, 8 மி.மீ.தான் வரும். சக்கரம் இன்னும் பொடி. விரலால் எண்ணி மாளாது என்றுதான் அந்தக் காலத்தில் குழி வெட்டிய பலகையில் சக்கரங்களை அள்ளிப் போட்டு, குழி நிறைந்ததைப் பார்த்துக் கணக்கு முடித்தார்கள். உங்கள் கைபேசி திணறுவதும் அதே பொடிசிடம்தான்.

கடைக்காரர் உங்களிடம் மேக்ரோ வசதி, அதாவது மிக நெருங்கிப் படமெடுக்கும் வசதி, உள்ள சிறிய கேமராவை நீட்டுவார். ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கலாம் என்பார். வாங்காதீர்கள். அவ்வளவு நெருங்கினால் வெளிச்சம் நுழைய வழியேது? கைபேசியின் நிழலுக்குப் பதில் கேமராவின் நிழல் விழும், அவ்வளவே. காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே குறைந்தது நான்கு விரல் இடைவெளி வேண்டும். அதைத் தருவது லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராதான்.

அதிலும் புதியது வேண்டாம். பழைய கேனான் 600டி போன்ற ஒன்று போதும். 18 மெகாபிக்சல் குறைவு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: அதன் சென்சார், அதாவது உள்ளே படம் பதியும் தகடு, 22.3 மி.மீ. அகலம், அதில் 5184 புள்ளிகள். காசு சென்சாரில் தன் அசல் அளவிலேயே விழுந்தால், அதாவது 1:1 என்றால், 8 மி.மீ. பணத்தின் குறுக்கே ஏறக்குறைய 1,850 புள்ளிகள் கிடைக்கும். ஒரு பக்கம் முழுக்க அச்சடித்தாலும் கலங்காது. அதன் திரை வெளியே மடங்கித் திரும்பும் என்பது எனக்கு மெகாபிக்சலைவிடப் பெரிய விஷயம். கேமரா குப்புறத் தொங்கும்போது கழுத்தை முறித்துக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

அசல் மேக்ரோ லென்ஸ் உங்கள் தொகைக்குள் அடங்குவது கடினம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் 13, 21, 31 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் செட் ஒன்றையும் வாங்குங்கள். இவை கண்ணாடி இல்லாத வெறும் வளையங்கள். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி நிறுத்துவதுதான் இவற்றின் வேலை. 13 மி.மீ. வளையம் ஒன்றே ரூபாய்க் காசுக்குச் சரியாக இருக்கும். பணத்துக்கும் சக்கரத்துக்கும் மற்ற இரண்டையும் சேர்த்து மாட்டினால் 1:1 வந்துவிடும். செட் வாங்கும்போது உள்ளே பித்தளை நிற மின்தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத மலிவு வளையத்தில் கேனான் லென்ஸின் துளை முழுதாகத் திறந்தே நிற்கும். காசின் ஒரு ஓரம் மட்டும் தெளிவாக விழும். துளையை எஃப் 8க்கு மேல் சுருக்கவும் வேண்டாம் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). 1:1 நெருக்கத்தில் எஃப் 8 என்பது எஃப் 16 போல நடந்துகொள்ளும். அதற்கும் மேல் சுருக்கினால் படம் மொத்தமாக மங்கும்.

பழைய லென்ஸுக்குக் காசு கொடுப்பதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மலையாளக் கரை மழைக்காலத்தைக் கண்ட லென்ஸ்களில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் சேர்த்து 15,000க்கு மேல் போகாதீர்கள். மீதி, ஸ்டாண்டுக்கும் விளக்குக்கும். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் என்லார்ஜர், அதாவது பிலிம் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி, கேட்டுப் பாருங்கள். பிலிம் போன பிறகு பரணில் தூங்கும் சாமான் அது. அதன் தலையைக் கழற்றிவிட்டுக் கேமராவைப் பொருத்தினால் ஆடாத, மேலும் கீழும் நகரும் தூண் கிடைக்கிறது. நேராக நிற்கிறதா என்று அறிய, காசு வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை வையுங்கள். திரையின் நட்டநடுவில் லென்ஸ் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் சரி. ஓரத்தில் ஒதுங்கினால் கேமரா சாய்ந்திருக்கிறது.

விளக்கு இரண்டு போதும், ஒரே வகை எல்.இ.டி.யாக. கடிகாரத்தில் பத்து, இரண்டு இருக்கும் இடங்களில் வைத்துத் தொடங்குங்கள். வீரராயன் பணத்தில் எழுத்துக் கிடையாது, புள்ளிகளும் வளைகோடுகளும்தான். மேலிருந்து கொட்டும் வெளிச்சத்தில் அவை தட்டையாகிவிடும். ஒரு விளக்கை மட்டும் மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். பளபளக்கும் விக்டோரியா ரூபாய்க்கு நேர்மாறு: விளக்குக்கு முன் டிரேசிங் பேப்பர் தொங்கவிடுங்கள், ராணியின் கன்னம் வெந்து வெளுக்காது.

கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். யானைக் காசின் கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் படமெடுக்கலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்பு போனால் திரும்பாது.

முதல் வாரம் தாத்தாவின் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். சட்டைப்பையில் இருக்கும் 10 ரூபாய் நாணயத்தில் பழகுங்கள், 27 மி.மீ., கை தவறி விழுந்தாலும் கண்ணில் படும். சக்கரம் தரை இடுக்கில் விழுந்தால் தேடுவதற்கு வேறு விளக்கு வாங்க வேண்டியிருக்கும்.