ஜப்பான் ஹம்பக்கரைத் திருப்பிப் பார்ப்போம்: கேள்வி பதில்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் கிட்டார் பழுது பார்க்கும் மேசை என்னுடையது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வாரக் கடைசியில் இசைக்குழுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் பழைய ஜப்பான் கிட்டாரிலும் அதன் பிக்கப்பிலும்தான் போய் நிற்கும். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், காந்தமும் காயிலும் கொண்ட பாகம். இரண்டு காயில் வைத்து இரைச்சலை அடக்கும் பிக்கப்தான் ஹம்பக்கர். ‘கேள்வியை எழுதிக் கொடுங்கள், ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்’ என்றேன். பினாங்கிலிருந்தும் சில வந்தன.

அண்ணே, லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பிக்கப் வாங்கினேன். விற்றவர் ‘ஜப்பான், எழுபதுகளில் செய்தது’ என்றார். முன்னால் எந்தப் பெயரும் இல்லை. எப்படி உறுதி செய்வது? (ஜார்ஜ்டவுன்)

தம்பி, முன்பக்கத்தை மறந்துவிடுங்கள். கவரும் போல் பீஸும் (கம்பிகளுக்கு அடியில் வரும் இரும்புக் குமிழ்கள்) எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். திருப்பிப் போட்டு பேஸ்பிளேட்டை, அதாவது அடித்தகட்டைப் பாருங்கள். மை முத்திரையா, தகட்டிலேயே அழுத்திய எண்ணா, ஒட்டிய சீட்டா? இந்த மூன்றில் சீட்டை நான் கடைசியாகத்தான் நம்புவேன். சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நானே ஒருமுறை 180 ரிங்கிட் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து துணியால் துடைத்தபோது ‘நாற்பது வருடச் சீட்டு’ புதுப் பசையோடு கையில் வந்தது.

‘எம்.எம்.கே.45’, ‘எம்.எம்.கே.53’, ‘எம்.எம்.கே.61’, ‘எம்.எம்.கே.75’ என்று இருந்தால் மாட்சுமோக்கு ஆலைக் கிட்டாரிலிருந்து கழற்றியது. ஆரியா ப்ரோ டூ, வெஸ்டோன் போன்றவை அங்கே செய்தவை. அந்த ஆலை 1987-இல் மூடிவிட்டது. வெறும் எண் வரிசை மட்டும் இருந்தால் மேக்ஸான் பிக்கப்பாக இருக்கலாம். மேக்ஸான் என்பது நிஷின் ஒன்பா கம்பெனியின் பெயர். ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதைச் செய்தவர்களும் அவர்கள்தான். ஆனால் எண்ணை மட்டும் வைத்து வருடம் சொல்லாதீர்கள். கழற்றிய கிட்டாரின் சீரியல் எண்ணையும் விற்றவரிடம் கேளுங்கள். 1975-க்குப் பிறகு வந்த ஐபனேஸ் என்றால் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ‘எஃப்’ எழுத்துக்குப் பின் 78 வந்தால் 1978 ஜூன். எண்பதுகளின் பின்பாதியில் இந்த முறை மாறிவிட்டது. அப்புறம் வந்த எஃப், ஃபூஜிஜென் ஆலையைக் குறிக்கும். இந்த ஒரு எழுத்தில் தடுமாறியவர்கள் நிறைய.

க்ரெக்கோவில் இருப்பதும் ஐபனேஸில் இருப்பதும் ஒரே பிக்கப் என்கிறார்களே, உண்மையா? (செந்தூல்)

பல சமயம் உண்மை. ஐபனேஸ் ஹோஷினோ கம்பெனியின் பெயர், க்ரெக்கோ காண்டா ஷோக்காய் கம்பெனியின் பெயர். இரண்டு பேருமே ஃபூஜிஜென் ஆலையில்தான் கிட்டார் செய்ய வைத்தார்கள். ஃபூஜிஜென், மாட்சுமோக்கு, நிஷின் ஒன்பா மூன்றும் நாகானோ மாநிலத்தில் மாட்சுமோத்தோ ஊர்க்காரர்கள். அக்கம்பக்கத்து வீடு மாதிரி. அதனால் மேக்ஸான் பிக்கப் இரண்டு பெயரிலும் போனது. ஐபனேஸில் அதற்கு சூப்பர் 70 என்று பெயர் வைத்தார்கள். சூப்பர் 80 மட்டும் பார்த்த உடனே தெரியும், கவரில் பறக்கும் விரல்கள் செதுக்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிக்கப்பின் பின்னால் ‘ஐபிஇசட் யூஎஸ்ஏ’ என்று இருந்தால் கிட்டார் ஜப்பானில் செய்ததாக இருந்தாலும் பிக்கப் அமெரிக்கப் பிக்கப். டிமார்சியோ செய்து கொடுத்தது.

இது ‘லாசூட்’ (வழக்கு) பிக்கப் என்று இருமடங்கு விலை சொல்கிறார் ஒருவர். (கிள்ளான்)

அப்படி ஒரு பிக்கப் கிடையாது. 1977-இல் அமெரிக்க கிட்டார் கம்பெனி கிப்சனின் தாய்க் கம்பெனியான நார்லின், ஐபனேஸின் அமெரிக்க விற்பனைக் கம்பெனி எல்ஜர் மேல் போட்ட வழக்கு கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பிக்கப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு மடங்கு விலை கொடுங்கள், போதும்.

அண்ணே, ஒரு பிக்கப்பை 8.4 கிலோ ஓம் என்று சொல்லி விற்றேன். வாங்கியவர் அளந்தால் 8.05 தான் வருகிறதாம். பொய் சொல்லிவிட்டேன் என்கிறார். என் மீட்டர் நல்ல மீட்டர். (ஈப்போ)

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. நீங்கள் எங்கே அளந்தீர்கள்? மத்தியானம், வீட்டு முற்றத்தில், 33 டிகிரியில் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏர்கான் போட்ட அறையில், 22 டிகிரியில். செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 11 டிகிரிக்கு 4 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். 8.05-ஐ வெயிலில் வைத்தால் 8.4 காட்டும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் அளந்த எண்ணை ஜப்பான் கேட்டலாக் எண்ணோடு ஒப்பிட்டு ‘இது ஹாட் பிக்கப், சத்தம் கூடியது’ என்று குதிப்பதை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், ஓம் கணக்கு சத்தத்தின் அளவு கிடையாது. கிப்சனின் ஆரம்பகால ஹம்பக்கரான பி.ஏ.எஃப். பிக்கப்பில் 42 கேஜ் கம்பி, கனம் 0.063 மில்லிமீட்டர், ஒரு காயிலுக்கு 5000 சுற்று வாக்கில் இருக்கும். அதே சுற்றை 0.056 மில்லிமீட்டர் உள்ள 43 கேஜில் சுற்றினால் ஓம் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். சுற்று கூடவில்லையே, சத்தம் மட்டும் எப்படிக் கூடும்? இரண்டு பிக்கப்பை ஒப்பிட வேண்டுமென்றால் எல்.சி.ஆர். மீட்டரில் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல் அளவு, ஹென்றியில்) பாருங்கள். பி.ஏ.எஃப். பாணி 4 ஹென்றி பக்கம் நிற்கும். 7, 8 ஹென்றி என்றால் அது கனத்த குரல், மேல் ஸ்தாயி மங்கும்.

உள்ளே இருக்கும் காந்தம் அல்னிகோவா செராமிக்கா என்று பிரிக்காமலே தெரிந்துகொள்ள முடியுமா? (ஷா ஆலம்)

கொஞ்சமாவது பிரிக்கத்தான் வேண்டும். கவர் இல்லாத பிக்கப் என்றால் சுலபம். பின்பக்கத்து நான்கு ஸ்குரூவை அரைச் சுற்று, ஒரு சுற்று தளர்த்துங்கள், முழுக்க எடுக்காதீர்கள். பாபின்களுக்கு (காயில் கம்பி சுற்றிய சட்டங்கள்) அடியில் பட்டையான காந்தத்தின் முனை பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் வரும் இடத்தில் வைத்து, இரண்டு ஊசியையும் காந்தத்தின் மேலேயே, பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பீப் அடித்தால் அல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு எல்லாம் சேர்ந்த உலோகம், மின்சாரம் போகும். செராமிக் சத்தம் போடாது. அழுக்கு படிந்திருந்தால் ஊசியால் லேசாகச் சுரண்டிவிட்டு வையுங்கள். தவறி பக்கத்து இரும்பைத் தொட்டால் அதுவும் பீப் அடிக்கும், ஜாக்கிரதை. நிறத்திலும் தெரியும். செராமிக் கரிக்கட்டை மாதிரி, அல்னிகோ மங்கிய வெள்ளி மாதிரி.

அல்னிகோ 2, 5, 8 என்று வகை பிரிப்பது கண்ணால் ஆகாது. காந்தத்தின் பலத்தை அளக்கும் கௌஸ் மீட்டர் வேண்டும். ‘நான் பார்த்தாலே சொல்லுவேன்’ என்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

நெக் (கழுத்துப் பக்க) பிக்கப் ஜப்பான் பழசு, பிரிட்ஜ் (கம்பி முடியும் பக்க) பிக்கப் புதுசு. தனித்தனியாக இரண்டும் அருமை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்த மாதிரி மெலிந்து ஒலிக்கிறது. (பட்டர்வொர்த்)

இரண்டும் எதிரெதிர் ஃபேஸ். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து பிக்கப்பில் மாட்டி, ஒரு இரும்பு ஸ்குரூ டிரைவரைப் போல் பீஸ்களின் மேல் படுக்கவைத்து, சட்டென்று பிடுங்குங்கள். எண் ஒரு கணம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். அடுத்த பிக்கப்பிலும் அதே மாதிரி. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் விடை கிடைத்துவிட்டது.

சரி, எப்படித் திருத்துவது? புதுப் பிக்கப்பில் நான்கு கம்பியும் ஒரு தனி எர்த் கம்பியும் இருந்தால், காயிலின் இரண்டு முனைகளை மாற்றி சாலிடர் செய்தால் முடிந்தது. பழைய ஜப்பான் பிக்கப்பில் பெரும்பாலும் நடுவில் ஒரே கம்பி, அதைச் சுற்றிப் பின்னிய உலோக உறை. அந்த உறை பேஸ்பிளேட்டோடும் கவரோடும் சேர்ந்திருக்கும். அதைத் தலைகீழாக மாற்றினால் கவர் முழுக்க சிக்னல் ஆகிவிடும், தொட்டாலே கரகரவென்று இரையும். அதனால் கம்பியைத் தொட வேண்டாம். காந்தத்தை வெளியே இழுத்து, இடது பக்க நீள விளிம்பு வலது பக்கம் வரும்படி திருப்பிச் சொருகுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை அடக்கும் வேலை அந்தப் பிக்கப்பின் இரண்டு காயில்களுக்கு இடையிலேயே நடப்பதால் அது கெடாது.

மகனுடைய பழைய கிட்டாரில் ஒரு பிக்கப் ஊமையாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா என்கிறான். (பூச்சோங்)

போட வேண்டாம் அக்கா, கொண்டு வாருங்கள். மீட்டரில் ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பி, சாலிடர் பட்ட இடத்தில் பச்சை பிடித்து அறுகும். வெளிமுனை என்றால் ஒரு சுற்றை அவிழ்த்து மறுபடி சாலிடர் செய்தால் உயிர் வந்துவிடும். உள்முனை என்றால் புதிதாகச் சுற்ற வேண்டும். கிட்டார் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பிக்கப்பை மெழுகில் முக்கலாமா? கவர் மாற்றலாமா? சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாட் மாற்றலாமா? (செராஸ், ஒரே சீட்டில் மூன்று)

மெழுகு: ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை ஏற்றும்போது பிக்கப் கீச்சென்று கத்தினால் மட்டும். பாரபினும் கொஞ்சம் தேன்மெழுகும், 65 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், பாபின் நெளிந்துவிடும். கவர்: முதல் போல் பீஸிலிருந்து ஆறாவது வரை உள்ள இடைவெளியை முதலில் அளந்து பாருங்கள். பழைய கிப்சன் அளவு 49.2 மில்லிமீட்டர். ஜப்பான் அளவு ஒரு மயிரிழை மாறினாலும் ஓட்டை பொருந்தாது. பாட்: ஜப்பான் பாட் மில்லிமீட்டர் அளவு, அமெரிக்க பாட் அங்குல அளவு. மரத்தில் துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும், பழைய குமிழும் ஏறாது. பழையது ஓடினால் விட்டுவிடுங்கள்.

இரண்டு பிக்கப்பை நியாயமாக ஒப்பிட என்னதான் வழி? (பாயான் லெப்பாஸ்)

ஒரே கிட்டார், ஒரே கேபிள், ஒரே பாட். 500 கிலோ ஓம் என்று எழுதிய பாட் 420 காட்டுவதும் உண்டு, அதையும் அளந்துகொள்ளுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கும் 2 மில்லிமீட்டர் விடுங்கள். பிக்கப் மாற்றும்போது இந்த இடைவெளியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் நெருங்கியதை ‘ஆஹா, ஜப்பான் மேக்’ என்று மெச்சுவார்கள். உங்கள் பழைய பிக்கப்பையே முதலில் அந்த அரை மில்லிமீட்டர் ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் ஒன்று போதும், காசு செலவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தூங்கப் போவதற்குள் முடித்துவிடுங்கள்.