ரோட்டோர நாட்டுமருந்து: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

கல்முனைத் தங்கச்சி: உம்மாக்கு முழங்கால் வலி, சந்தைக்கு முன்னால விரிச்சி வெச்சி விக்கிறவர்ட்ட பொடி வாங்கிக் குடுத்தம், மூணாம் நாளே எழும்பி நடந்துட்டா. நல்ல மருந்துதானே டொக்டர்?

பதில்: நான் டொக்டர் இல்ல தங்கச்சி, ஃபாமசில நிக்கிற ஆள். அந்த மூணு நாள்தான் எனக்கு யோசனையா கிடக்கு. வருஷக்கணக்கா இருக்கிற மூட்டுவலி வெறும் வேர்ப்பொடிக்கு அவ்வளவு கெதியா அடங்காது. டெக்ஸாமெதசோன், ப்ரெட்னிசொலோன் மாதிரி ஸ்டீரொய்ட் குளிசைய அரைச்சி இப்பிடிப் பொடியள்ல கலக்கிறது எத்தனையோ நாட்டுல பிடிபட்ட விஷயம், சிலதுல டைக்ளோஃபெனாக்கும் இருந்திருக்கு. உம்மாட முகம் உருண்டு ஊதுதா, சீனி ஏறிட்டா, பசி கூடிட்டா எண்டு பாருங்க. கிழமைக்கணக்கா, மாசக்கணக்கா குடிச்சிருந்தா பயந்துபோய் டக்கெண்டு நிப்பாட்டிடாதீங்க, ஸ்டீரொய்ட் வெளியால இருந்து வாறதால உடம்பு தானாச் சுரக்கிறத விட்டிருக்கும், பிரஷர் விழுந்து மயங்கி விழுந்திடுவா. மிச்சப் பொடிய பையோட கொண்டுபோய் ஆஸ்பத்திரில காட்டுங்க. ஏச்சு விழும், விழட்டும்.

களுவாஞ்சிக்குடி அண்ணன்: கசாயம் எப்பிடியும் கொதிக்க வெக்கிறதுதானே, கிருமி செத்திடும்?

பதில்: கிருமி சாகும், ஈயம் சாகாதே அண்ணே. ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஒண்டும் கொதிச்சாப் போறதில்ல. மாரி மழைக்கு ஈரச் சாக்குல கிடந்து பூஞ்சணம் பிடிச்ச வேர்ல அஃப்லாடொக்சின் எண்டு ஒரு நஞ்சு வரலாம், ஈரலுக்குக் கூடாது, அதுவும் சூட்டுக்கு லேசுல அசையாது. வாங்கக்குள்ள கையில உடைச்சி மணந்து பாருங்க, புழுங்கின மணம் வந்தா அங்கயே வெச்சிட்டு வாங்க.

அக்கரைப்பற்று: காலையில ரோட்டுல விக்கிற இலைக்கஞ்சி?

பதில்: நானே குடிக்கிறன். ஆவி பறக்க இருந்தா மட்டும். வல்லாரை வயல் வரம்புல பிடுங்கினதெண்டா மருந்தடிச்ச வயலா எண்டு ஒருக்கா கேளுங்க.

வாழைச்சேனை: மாமாங்கத் திருவிழாவுல ஈஸ்வரமூலி வேர் வாங்கினன், அவிச்சிக் குடிக்கலாமா?

பதில்: வேணாம். அதுல இருக்கிற அரிஸ்டோலோகிக் அசிட் கிட்னிய நாசமாக்கும், புத்துநோயும் வரும். 90களின்ட தொடக்கத்துல பெல்ஜியத்துல மெலியிற மருந்தெண்டு குடிச்ச எத்தனையோ பொம்பிளையள்ற கிட்னி போனது இந்தக் குடும்பத்துச் செடியாலதான்.

காத்தான்குடி காக்கா: (பேர் போடாதீங்க) ஆம்பிளையளுக்கெண்டு பஸ் ஸ்டாண்டுல ஒரு லேகியம்...

பதில்: வெக்கப்படாதீங்க காக்கா, கேட்டது நல்லம். அப்பிடி லேகியத்துல சில்டெனாஃபில், அதான் வயாக்ரா மருந்து, கலந்து வாறது உலகம் முழுக்க இருக்கு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில வெக்கிற குளிசை பாவிக்கிற ஆள் அதத் தொட்டா பிரஷர் கிடுகிடெண்டு இறங்கி உயிரே போயிடும். தெரியாமச் சாப்பிட்டுத் தலை சுத்தினா 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க, வாற ஆக்களுக்கு லேகியக் கதைய மறைக்காமச் சொல்லுங்க, அந்தக் குளிசையத் தர விடாதீங்க.

செங்கலடி அக்கா: அப்ப நாட்டுமருந்தே வேணாமா?

பதில்: அப்பிடி ஆரு சொன்ன? 1961 ஆயுர்வேதச் சட்டத்துக்குக் கீழ பதிஞ்ச சித்த வைத்தியர் இருக்கிறாங்க, அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போங்க. ஏதும் பிழைச்சா என்ன குடுத்தாங்க எண்டு போய்க் கேக்க ஒரு ஆள் இருக்கும். ரோட்டுல வித்தவர் மறுகிழமை எந்த ஊர்ச் சந்தையில நிப்பாரோ.